தோழி இல்லாத கதைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பத்து நாவல்களின் முடிச்சை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். முடிவு தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள், அந்தந்தப் புத்தகத்தின் பெயர் வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். முடிச்சைத் தொடாமல் இந்த வகைக் கதைகளைப் பற்றி உருப்படியாக எதையும் சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

ஜில்லியன் ஃப்ளின் எழுதிய 'கான் கேர்ள்' 2012இல் வந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் பெரிதாக விற்ற நாவல்களில் கணிசமானவை காதலும் மர்மமும் ஒரே வீட்டில் குடியிருக்கிற கதைகள். கொலை இருக்கும், ஆள் காணாமல் போவது இருக்கும், போலீஸ் வரும், ஆனால் வாசகரை இரவு இரண்டு மணிவரை உட்கார வைப்பது அதெல்லாம் இல்லை, பக்கத்தில் படுத்துத் தூங்குகிற ஆள் உண்மையில் யார் என்ற கேள்விதான். கணவன் வேறு ஊரில் வேறு பெயரில் வாழ்ந்தவனாக இருப்பான். மனைவி எழுதிய டைரி பொய்யாக இருக்கும். நடிகை ஏழு கல்யாணத்துக்குள் ஒரு காதலை ஒளித்து வைத்திருப்பாள். அக்கா ஒரு ஊரில் கறுப்பினப் பெண்ணாக வாழ, கூடப் பிறந்த தங்கை இன்னொரு ஊரில் வெள்ளைக்காரியாக வாழ்ந்துகொண்டிருப்பாள்.

காதல் நாவலும் துப்பறியும் நாவலும் இப்படி ஒன்றாகச் சேர்ந்தது யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமான விஷயம். காதல் நாவலைக் கையில் எடுக்கிறவர், கடைசிப் பக்கத்தில் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் நம்பலாம் என்ற இடத்துக்கு வந்துசேர்வோம் என்று எதிர்பார்க்கிறார். துப்பறியும் நாவலை எடுக்கிறவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகப்படத் தயாராக உட்காருகிறார். இரண்டும் நேர் எதிர். அதனால் துப்பறியும் நாவல்காரர்கள் சந்தேகப்படக் கூடாத ஓர் ஆளையாவது வாசகருக்கு விட்டுவைக்கப் பார்த்தார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், தானே துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929இல் இந்த வகைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். முதல் கட்டளை இதுதான்: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், ஆனால் யாருடைய மன ஓட்டத்தை வாசகர் பின்தொடர்ந்து வருகிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே அகதா கிறிஸ்டி ஒரு நாவலில் அதைச் செய்து காட்டியிருந்தார், அது வேறு விஷயம். இன்றைக்கு வருகிற நாவல்களில் அந்த முதல் கட்டளைதான் அதிகமாக உடைகிறது. மனசுக்குள் வரை போய்ப் பார்த்த ஆளே நம்மிடம் ஒளித்திருக்கிறாள்.

சரி, அப்படி என்னதான் ஒளிக்கிறார்கள்? இந்த நாவல்களை வரிசையாகப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ரகசியம் என்னவோ பெரும்பாலும் சாதாரணமானதுதான். கள்ளத் தொடர்பு, மாற்றிய பெயர், பழைய குற்றம், பணம். நாவலைத் தூக்கி நிறுத்துவதோ கவிழ்ப்பதோ அந்த ரகசியம் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதுதான். கேட்கிறவர் யார்? அவருக்கு அதைக் கேட்கும் உரிமை எப்படி வந்தது? கேட்டபின் அவர் என்ன செய்கிறார்? எந்தப் புத்தகத்தில் இதற்கு நல்ல விடை இருக்கிறதோ அது இரண்டாம் முறை படிக்கும்போதும் நிற்கிறது. மற்றவை முதல் முறையோடு சரி.

இதை எனக்கு உறைக்க வைத்தது நம் அகத்திணை மரபு. திருட்டுக்கும் மறைவான காதலுக்கும் தமிழில் ஒரே சொல், களவு. தொல்காப்பியத்தில் களவியல் என்று ஒரு முழு இயலே இருக்கிறது. அங்கே ரகசியம் ஒளிந்திருக்கிற விதத்தைவிட, அது வெளியே வருகிற வழிதான் என்னை ஈர்க்கிறது. அறத்தொடு நிற்றல் என்று அதற்கு ஒரு முறை உண்டு: தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலி என்ற வளர்ப்புத் தாயிடம், செவிலி நற்றாய் என்ற பெற்ற தாயிடம், நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் தெரியப்படுத்துவாள். ஒவ்வொரு படியிலும் கேட்கிறவள் அந்தப் பெண்ணின்மேல் அக்கறை உள்ளவள். ஊர் அலர் தூற்றும், காவல் கடுமையாகும், ஆனாலும் தோழி என்று ஒருத்தி இருக்கிறாள். இப்போதைய காதல் மர்ம நாவல்களில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தோழி இல்லாத பெண்கள் அவர்கள். தோழி இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் இருக்கிறது. டைரி, கையெழுத்துப் பிரதி, கடிதம். அந்தக் காகிதத்தைப் படிக்கிற நாம் தோழியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம், அந்த இடம் நமக்குத்தான் என்று நம்பிக்கொண்டு.

'கான் கேர்ள்' கதையில் மிசூரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையோரம் ஒரு சின்ன ஊர். நிக், எமி இருவரும் நியூயார்க்கில் பத்திரிகை வேலை பார்த்தவர்கள், பொருளாதாரச் சரிவில் இருவருக்கும் வேலை போய்விட்டது, நிக்கின் சொந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். ஐந்தாவது கல்யாண நாள் அன்று எமி காணாமல் போகிறாள். ஒரு அத்தியாயம் நிக் பேசுவது, அடுத்த அத்தியாயம் எமியின் பழைய டைரி, இப்படி மாறி மாறிப் போகும். நிக் பேசுவதில் ஓட்டைகள் தெரியும், அவன் எதையோ முழுங்குகிறான் என்று சீக்கிரமே பிடிபட்டுவிடும், அவனுக்குத் தன் மாணவி ஒருத்தியோடு தொடர்பு இருக்கிறது. டைரியோ கலகலப்பாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பயத்துக்குப் போகிறது. பாதிக் கதையில் உண்மையான எமி பேச ஆரம்பிக்கிறாள், உயிரோடுதான் இருக்கிறாள், அந்த டைரி முழுக்க அவள் உட்கார்ந்து யோசித்துப் புனைந்தது, போலீஸ் கண்டெடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது.

திருப்பம் என்ற அளவில் இதை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அந்த டைரி யாருக்காக எழுதப்பட்டது என்பது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து நூறு இருநூறு பக்கம் உருகியவர்களுக்கு, தாங்கள் உட்கார்ந்திருந்தது விசாரணை அதிகாரியின் நாற்காலியில் என்று தெரிகிறது. நமக்கு அவள் ரகசியம் சொல்லவில்லை, சாட்சியம் தயாரித்துக் கொடுத்தாள். அந்த நாவலின் மூன்று பகுதிகளுக்கும் ஃப்ளின் வைத்த தலைப்புகளைப் பார்த்தால் அவர் எதை உடைக்க வந்தார் என்பது புரியும். பையன் பெண்ணைச் சந்திக்கிறான், இழக்கிறான், திரும்பப் பெறுகிறான், இதுதானே காதல் கதையின் பழைய வாய்பாடு? ஃப்ளின் அதில் வரிசையை மாற்றினார். முதல் பகுதியில் பையன் பெண்ணை இழக்கிறான். இரண்டாவதில்தான் சந்திக்கிறான், அதாவது ஐந்து ஆண்டு கூட வாழ்ந்த பிறகு இப்போதுதான் அவளை முதல்முறையாகப் பார்க்கிறான்.

இன்னொரு விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. எமியின் அப்பா அம்மா உளவியல் படித்தவர்கள், மகளை வைத்து 'அமேசிங் எமி' என்று குழந்தைகளுக்கான தொடர் புத்தகங்கள் எழுதிச் சம்பாதித்தவர்கள். நிஜ எமி எதில் தோற்றாளோ அதில் புத்தகத்து எமி ஜெயிப்பாள். பெற்ற மகளுக்கு இப்படி ஒரு செய்கை. அவள் வளர்ந்தபின் ஆணுக்குப் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் சிரித்துச் சகித்துக்கொள்ளும் 'கூல் கேர்ள்' வேஷம் போட்டதைப் பற்றி ஒரு நீண்ட பொருமல் அந்த நாவலில் வருகிறது. அந்தப் பொருமலில் நியாயம் இருக்கிறது, பேசுகிறவளோ கொடூரமானவள், இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. பின்னால் வந்த நகல்கள் டைரியை எடுத்துக்கொண்டன, அந்தப் புத்தகத்து எமியைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. அதனால்தான் அவற்றில் ஒளிந்திருக்கும் முகம் வெறும் முகமூடியாக இருக்கிறது, அது எப்படி வளர்ந்தது என்பது இல்லை.

டைரியை இப்படிப் பயன்படுத்துவது புதிது என்று நினைக்க வேண்டாம். வில்கி காலின்ஸின் 'த வுமன் இன் ஒயிட்' 1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டேறுவது போல, அவரவர் பார்த்ததை அவரவரே சொல்கிற அமைப்பு அதில் உண்டு. மரியன் என்று ஒரு பெண், தன் சகோதரி லாராவைக் காப்பாற்றப் போராடுகிறவள், நடப்பதையெல்லாம் டைரியில் எழுதி வைக்கிறாள். மழையில் நனைந்து காய்ச்சலில் விழுகிறாள், எழுத்து குழறி நிற்கிறது, அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வேறு கை. எதிரியான ஃபாஸ்கோ பிரபு அந்த டைரியை எடுத்து முழுக்கப் படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று அதிலேயே பாராட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். 160 ஆண்டுக்கும் மேல் ஆகிவிட்டது, இன்றைக்குப் படித்தாலும் அந்த இடத்தில் உடம்பு கூசும். நாம் கூடவே இருந்து ரகசியம் கேட்டுக்கொண்டிருந்தோம், நமக்குப் பின்னால் இன்னொருவன் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கதைகள் குவிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும், பணக்காரர்களுக்கு மட்டும்தான் அது முடியும். 1857க்குப் பிறகும், மனைவி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்குப் போதும், மனைவிக்கோ கணவன் தவறினான் என்பதோடு கொடுமை செய்தான், விட்டுவிட்டுப் போனான் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போனது, 1870, 1882 சட்டங்கள் வரும்வரை அதுதான் நிலை. வெளியே போக வழி இல்லாத கல்யாணத்தில் மாட்டிக்கொண்டவளுக்கு மிச்சம் இருந்தது பெயரை மாற்றிக்கொண்டு ஓடுவது. மேரி எலிசபெத் பிராடன் 1862இல் எழுதிய 'லேடி ஆட்லீஸ் சீக்ரெட்' அதைத்தான் கதையாக்கியது. கணவன் கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் தேடப் போய்விடுகிறான். ஹெலன் என்ற அவள் லூசி ஆகிறாள், வேலைக்குப் போகிறாள், ஒரு கிழப் பிரபுவைக் கட்டிக்கொண்டு லேடி ஆட்லீ ஆகிறாள், பழைய கணவன் திரும்பி வந்ததும் அவனைக் கிணற்றில் தள்ளுகிறாள். கடைசியில் அவளைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துக் கதையை முடித்தார்கள். ஆனால் அவளுக்கும் யாரும் இருக்கவில்லை, யாரிடமும் சொல்ல முடியாது, அதைப் பிராடன் கவனித்து எழுதியிருக்கிறார்.

1938இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' வந்தது, இறந்துபோன முதல் மனைவியின் நிழலில் வாழும் இரண்டாவது மனைவியின் கதை, சொல்கிறவளின் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. அதே ஆண்டு லண்டனில் பாட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்' நாடகம் மேடையேறியது, வீட்டில் கேஸ் விளக்கு மங்குகிறது என்று மனைவி சொல்ல, அதெல்லாம் உன் பிரமை என்று கணவன் அவளை நம்ப வைக்கும் கதை. கேஸ்லைட்டிங் என்ற சொல் அந்த விளக்கிலிருந்து வந்ததுதான், 2022இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக எடுத்தது.

பாலா ஹாக்கின்ஸின் 'த கேர்ள் ஆன் த ட்ரெய்ன்' (2015) அந்த விளக்கின் நேர் வாரிசு. ரேச்சல் குடிக்கு அடிமையானவள், குடித்த இரவுகள் அவளுக்கு நினைவில் இல்லை, நீ இப்படிக் கத்தினாய், அப்படி அடித்தாய் என்று முன்னாள் கணவன் டாம் சொன்னதையே தன் நினைவாக வைத்துக்கொண்டு வாழ்கிறாள். இங்கே ஒளிக்கப்பட்டிருப்பது அவளுடைய சொந்த முகம், அதை அவளிடமிருந்தே ஒளித்திருக்கிறான். ஊரே குடிகாரி என்று சொல்லும் பெண் போலீஸில் போய் எதைச் சொன்னாலும் எடுபடாது. கேட்க ஆள் இல்லை என்பதை இந்த நாவல் இதைவிட வலிக்கிற விதத்தில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஹாக்கின்ஸ் இதற்கு முன் எமி சில்வர் என்ற புனைபெயரில் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அலெக்ஸ் மைக்கேலிடீஸின் 'த சைலன்ட் பேஷன்ட்' (2019) கதையில், ஓவியர் அலிசியா கணவனைச் சுட்டுவிட்டு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தான் வரைந்த ஒரு சுய ஓவியத்துக்கு அல்செஸ்டிஸ் என்று பெயர் வைக்கிறாள். யூரிபிடீஸின் கிரேக்க நாடகத்தில் கணவனுக்குப் பதிலாகச் சாகச் சம்மதித்து, செத்து, மீட்டுக்கொண்டு வரப்பட்டு, மேடையில் பேசாமல் நிற்கும் மனைவி அவள். நாவலில் அலிசியாவைப் பேச வைத்தே தீருவேன் என்று தியோ என்ற உளவியல் சிகிச்சையாளர் வருகிறார். கேட்பதையே தொழிலாகக் கொண்டவர். அந்தக் கேட்பவரே அவள் வாழ்க்கை சிதைந்த இரவில் அங்கே இருந்தவர் என்பது முடிவில் தெரிகிறது, ஆண்டுகள் இடைவெளி உள்ள இரண்டு காலங்களை ஒரே காலம் போலச் சொல்லி மைக்கேலிடீஸ் அதை மறைத்திருப்பார். தொழில்நுட்பம் கச்சிதம். ஆனால் அலிசியா எனக்குக் கடைசிவரை எட்டவில்லை. அவளுடைய டைரி பூட்டைத் திறக்கும் சாவியாக மட்டும் பயன்படுகிறது, அவளைத் தெரிந்துகொள்ள உதவவில்லை.

காலீன் ஹூவரின் 'வெரிட்டி'யை இலக்கியமாக மதிக்காதவர்கள் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. ஹூவர் அதை 2018 டிசம்பரில் தானே பதிப்பித்தார், பிறகு 2021இல் ஒரு பெரிய பதிப்பகம் எடுத்து வெளியிட்டது, டிக்டாக்கில் புத்தகம் பேசும் இளம் வாசகிகள் அதை மேலே கொண்டுபோனார்கள். கதை இது: லோவென் வறுமையில் இருக்கும் எழுத்தாளர். வெரிட்டி என்ற புகழ்பெற்ற நாவலாசிரியை விபத்துக்குப் பின் அசைவில்லாமல் கிடக்கிறாள், அவளுடைய தொடரை எழுதி முடிக்க லோவெனை வைத்துக்கொள்கிறார்கள். வெரிட்டியின் வீட்டில் குறிப்புகளைத் தேடும்போது ஒரு சுயசரிதைப் பிரதி கிடைக்கிறது. அதில் வெரிட்டி தன் குழந்தைகளைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு கலங்கும். லோவெனோ அந்த வீட்டுக் கணவன் ஜெரமிமேல் காதலில் விழுந்துகொண்டிருக்கிறாள். அதாவது அந்தக் கையெழுத்துப் பிரதி உண்மையாக இருந்தால் அவளுக்கு வசதி. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே ஹூவரைப் பாராட்டுவேன். ரகசியத்தைக் கேட்கிறவள் அதை நம்ப விரும்புகிறவள், அவள் கண் வழியாகப் படிக்கிற நாமும் அப்படியே ஆகிவிடுகிறோம்.

பிரதியை ஜெரமியிடம் காட்டுகிறாள். வெரிட்டி சாகிறாள், அந்தச் சாவில் இருவருக்கும் பங்கு. மாதங்கள் கழித்து, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் லோவென் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். வெரிட்டி எழுதியது: அந்தச் சுயசரிதை ஓர் எழுத்துப் பயிற்சி, வில்லியின் மனசுக்குள் போய் எழுதிப் பழகுவதற்காகத் தன்னையே வில்லியாக்கி எழுதியது, எதுவும் உண்மை இல்லை. கடிதம் பொய்யா, பிரதி பொய்யா? நாவல் சொல்லவில்லை. வெரிட்டி என்ற பெயருக்கே உண்மை என்று பொருள். வாசகர்கள் இன்றுவரை இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள், அந்த வாதம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கடிதத்தைப் படித்ததும் லோவென் என்ன செய்கிறாள் என்பதுதான் முக்கியம். அதை அழித்துவிடுகிறாள். இனி ஒளிக்க வேண்டிய ஆள் அவள்தான், கூடப் படுத்திருப்பவனிடமிருந்து.

ஃப்ரீடா மெக்ஃபேடனின் 'த ஹவுஸ்மெய்ட்' (2022) விறுவிறுவென்று ஓடும். வெளியிலிருந்து மட்டும் பூட்டக்கூடிய மாடியறை, பித்துப் பிடித்தவள் போல் நடந்துகொள்ளும் எஜமானி, நல்லவன் போல் இருக்கும் கணவன். பாதியில் எஜமானி பேசத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது. சிறைக்குப் போய் வந்த பெண் என்று தெரிந்தே மில்லியை அவள் வேலைக்கு எடுத்திருக்கிறாள், தன்னைச் சித்திரவதை செய்தவனிடம் இவளை விட்டுவிட்டுத் தப்பிக்க. உண்மையை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நடந்திருக்காதது நிறைய. சொல்லிப் பார்த்தவள்தான் அவள், யாரும் நம்பவில்லை, பைத்தியம் என்றார்கள். லேடி ஆட்லீயின் கதை வந்த 1862இலிருந்து அந்த ஒரு விஷயம் மாறவே இல்லை.

மெக்ஃபேடன் என்பதும் புனைபெயர்தான், அவர் மருத்துவர். ஒளிந்திருக்கும் முகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தாங்களும் ஒளிந்துகொள்வது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம். அகதா கிறிஸ்டி 1926 டிசம்பரில் பதினொரு நாள் காணாமல் போனார், ஹாரகேட் ஊரில் ஒரு ஹோட்டலில் கண்டுபிடித்தபோது தன் கணவன் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரான நீல் என்பதைத் தன் பெயராகப் பதிந்து தங்கியிருந்தார். 1930இலிருந்து மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் ஆறு நாவல்கள் எழுதினார், கொலை இல்லாத, உறவுகளைப் பற்றிய நாவல்கள், கிட்டத்தட்ட இருபது ஆண்டு அது யாரென்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஸ்பெயினில் கார்மென் மோலா என்ற பெயரில் ரத்தம் தெறிக்கும் துப்பறியும் நாவல்கள் வந்து பெரும் புகழ் பெற்றன. 2021இல் பத்து லட்சம் யூரோ பிளானெட்டா பரிசை வாங்க மேடையேறியது மூன்று ஆண்கள். பெண் எழுத்தாளர் என்று கொண்டாடியவர்களில் பலருக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் நியாயமானதுதான் என்பது என் கருத்து. மெக்ஃபேடன் தன் மருத்துவ வாழ்க்கையைக் காக்கப் புனைபெயர் வைப்பதும், ஒரு பெண்ணின் அடையாளத்தை விற்பனைக்காக எடுத்து மாட்டிக்கொள்வதும் ஒன்றாகிவிடாது.

அங்கிருந்துதான் எனக்குப் பிடித்த இரண்டு நாவல்களுக்கு வருகிறேன். ஏனென்றால் இவற்றில் ஒளிந்துகொள்வது தந்திரத்துக்காக இல்லை, உயிர் வாழ்வதற்காக.

டெய்லர் ஜென்கின்ஸ் ரீடின் 'த செவன் ஹஸ்பன்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹ்யூகோ' (2017). ஈவ்லின் எரேரா என்ற க்யூபக் குடும்பத்துப் பெண், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் வளர்ந்தவள், தலைமுடியைப் பொன்னிறமாக்கி, ஸ்பானிஷ் பேச்சை விட்டு, ஈவ்லின் ஹ்யூகோவாகி ஹாலிவுட்டை ஆள்கிறாள். ஏழு கணவர்கள். உண்மையில் அவள் காதலித்தது சீலியா என்ற சக நடிகையை. இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் நிஜ ஹாலிவுட்டைப் பார்க்கலாம். மார்கரீட்டா கான்சினோ என்ற ஸ்பானிய வம்சத்துப் பெண்ணின் முடிக்குச் சாயம் பூசி, நெற்றியின் முடிக்கோட்டை மின்சாரத்தால் பின்னுக்குத் தள்ளி, ரீட்டா ஹேவொர்த் என்று பெயரும் வைத்தார்கள். மெர்ல் ஓபரான் 1911இல் பம்பாயில் பிறந்தவர், வெள்ளைக்காரியாக இருந்தால்தான் கதாநாயகியாக முடியும் என்பதால் டாஸ்மேனியாவில் பிறந்ததாகவே வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தார். அவரை வளர்த்த ஆசியக் கலப்பினப் பெண்மணி, வீட்டுக்கு வருகிறவர்களிடம் வேலைக்காரி என்று அறிமுகம் செய்யப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து ஈவ்லினின் ஸ்பானிஷ் மறத்தல் எனக்குக் கதையாகத் தெரிவதில்லை.

79 வயதில் ஈவ்லின் பேச முடிவெடுக்கிறாள். பெரிய பத்திரிகையாளர்களை விட்டுவிட்டு மோனிக் என்ற பெயர் தெரியாத இளம்பெண்ணைக் கூப்பிடுகிறாள். ஏன் இவள்? நாவலின் மர்மமே அதுதான். தன் ஆருயிர் நண்பனைக் காப்பாற்ற, ஒரு கார் விபத்தில் செத்துக் கிடந்த இன்னொருவனை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றி வைத்தவள் ஈவ்லின், செத்தவன் மோனிக்கின் அப்பா. குடித்துவிட்டு ஓட்டி இறந்தார் என்ற பழியோடுதான் மோனிக் வளர்ந்தாள். யாரிடம் சொன்னால் மன்னிப்பே கிடைக்காதோ, அவளிடம் போய்ச் சொல்கிறாள். தோழியிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும், பாதிக்கப்பட்டவளிடம் சொன்னால் கணக்குத் தீர்க்க வேண்டும். ஈவ்லின் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததால்தான் அவ்வளவு பொய்களுக்குப் பிறகும் அவளை மதிக்க முடிகிறது.

பிரிட் பென்னட்டின் 'த வேனிஷிங் ஹாஃப்' (2020) இந்த வரிசையில் ஆழமானது. மர்ம நாவல் என்று யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் ஒருத்தி எங்கே போனாள், இப்போது யாராக இருக்கிறாள் என்று தேடிப்போகும் கதைதான். லூசியானாவில் மல்லார்ட் என்ற கற்பனை ஊர், வெளுப்பாக இருப்பதையே பெருமையாக வைத்திருக்கும் கறுப்பின மக்களின் ஊர். இரட்டைச் சகோதரிகள் டெசிரே, ஸ்டெல்லா. வெளுத்த தோல் எதையும் காப்பாற்றாது என்று அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், அப்பாவை வெள்ளைக்காரக் கூட்டம் கொன்றதைப் பார்த்தவர்கள். பதினாறு வயதில் இருவரும் நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடுகிறார்கள், அங்கே ஒரு பெரிய கடையில் வேலைக்குப் போகும் ஸ்டெல்லாவை வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவள் திருத்தவில்லை. அப்புறம் முதலாளியையே கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா போய்விடுகிறாள். 1967வரை லூசியானாவில் வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வது சட்டப்படி குற்றம், அந்த ஆண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சட்டங்களைத் தூக்கி எறிந்தது. ஆகவே ஸ்டெல்லாவின் பொய் ஒரு குணக்கேடு என்று சுருக்கிவிட முடியாது.

அவள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் வருகிறது. வரக் கூடாது என்று கூட்டத்தில் குரல் கொடுப்பவளே ஸ்டெல்லாதான், அவர்கள் பார்த்தால் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் அந்த வீட்டு லொரெட்டாவோடு போய்ச் சீட்டாடி, பேசிச் சிரிக்க ஆரம்பிக்கிறாள், பல ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு விடுவது போல. சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் காத்திருந்தேன். இவ்வளவு நாவல்களில் தோழியாகக் கூடிய ஒரே பெண், தெருவைக் கடந்தால் போதும். லொரெட்டா குடும்பம் அண்டை வீட்டாரின் தொல்லை தாங்காமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுகிறது. கடைசியில் ரகசியம் ஸ்டெல்லாவின் மகளுக்குப் போய்ச் சேர்வது டெசிரேயின் மகள் ஜூட் கொடுக்கும் ஒரு பழைய புகைப்படம் வழியாக. மறுபடியும் காகிதம்.

காகிதத்தை நம்பாத ஒரு நாவலும் இருக்கிறது. லாரா டேவின் 'த லாஸ்ட் திங் ஹி டோல்ட் மி' (2021). சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் சாசலிட்டோவில் மிதவை வீட்டில் வாழும் ஹன்னா, மரம் கடைந்து சாமான் செய்பவள். ஒருநாள் கணவன் ஓவென் மறைந்துவிடுகிறான். அவன் விட்டுப்போன கடிதத்தில் இருப்பது அவளைக் காப்பாற்று என்பது மட்டும்தான். அவள் என்றால் அவனுடைய பதினாறு வயது மகள் பெய்லி, ஹன்னாவை ஏற்றுக்கொள்ளாத பெண். ஓவென் என்ற பெயரே பொய், பெய்லியின் பெயரும் பொய் என்று போகப்போகத் தெரிகிறது. ஆனால் ஹன்னா தேடித் தேடிக் கண்டுபிடித்த ஆள், அவள் கல்யாணம் செய்துகொண்ட அதே ஆள்தான். பெயர் பொய், ஊர் பொய், மகளிடம் காட்டிய அன்பு பொய் இல்லை. இந்த வகையில் இப்படி முடிவது அரிது, மனசுக்கு இதமாகவும் இருந்தது.

பல ஆண்டு கழித்து, லாஸ் ஏஞ்சலஸில் ஹன்னாவின் வேலைப்பாடுகளை வைத்திருக்கும் கண்காட்சி. கூட்டத்தில் ஒருவன் அவளை உரசிக்கொண்டு போகிறான், தோற்றம் மாறியிருக்கிறது, அவர்கள் இருவருக்கு மட்டும் பொருள் புரியும் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான், நிற்காமல் நகர்ந்துவிடுகிறான். ஹன்னா கூப்பிடவில்லை. அதற்குள் பெய்லி உள்ளே வருகிறாள், அம்மா என்கிறாள்.